அமிலக் கேனும் ஆராய்ச்சி நிதியும்



போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். இன்ஜினியரிங் கல்லூரியில் ஈசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "மாமா, ஒரு பெரிய நிறுவனத்துல நானோ லேப் பயிற்சி இருக்கு. சிப் எப்படிப் பண்றாங்கன்னு கையால செஞ்சு பார்க்கலாமாம். அப்ளை பண்ணவா?" என்றாள். பண்ணு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்மளையெல்லாம் உள்ள விடுவாங்களா மாமா?" என்று கேட்டாள்.

அந்த இரண்டாவது கேள்விக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதுவரை யாரிடமும் விரிவாகச் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிட்டு, அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இயக்கத்துக்கு வருவதற்கு முன் நான் ஒரு செமிகண்டக்டர் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். கல்லூரியில் டிரான்சிஸ்டரைக் கரும்பலகையில் மட்டுமே பார்த்தவன் நான். ஒரு சிலிக்கான் வேஃபரைக் கையில் இடுக்கியால் பிடித்தபோது எனக்கு வயது 24. மத்திய அரசின் ஆராய்ச்சி நிதியில் ஓடிய மூன்றாண்டுத் திட்டம் அது. வேஃபரின் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை வளர்க்கும் முறையை நம் நாட்டிலேயே உருவாக்குவதுதான் வேலை. அதில் நான் திட்ட உதவியாளர். உள்ளே போகத் தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட வேண்டும். மனித உடம்பிலிருந்து உதிரும் தூசி ஒன்று விழுந்தாலும் வேஃபர் வீண்.

அந்த ஆக்சைடு படலத்தை வேண்டிய இடத்தில் அரித்தெடுக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். கண்ணாடியையே தின்னும் அமிலம் என்பதால் பிளாஸ்டிக் கேனில்தான் வரும். தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிக்காது. மெல்ல உள்ளே இறங்கி, எலும்பு வரை போய், பல மணி நேரம் கழித்துத்தான் வலி கிளம்பும். அதற்குக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவ வேண்டும். முதல் நாள் பயிற்சியிலேயே இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜெல் எந்த அலமாரியில் இருக்கிறது என்றும் காட்டினார்கள்.

பயன்படுத்தி முடித்த அமிலக் கழிவைப் பின்பக்கக் கொட்டகைக்குக் கொண்டுபோனது ஒப்பந்தத் தொழிலாளியான ஓர் அண்ணன். கழிப்பறை கழுவவும் அவர்தான், கேன் தூக்கவும் அவர்தான், கையுறையும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒருநாள் என்னிடம், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். இந்தக் கேள்வியின் பொருள் உங்களுக்குத் தெரியும். "காலனிண்ணே" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம புள்ளயா நீ! உள்ள நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்னு வீட்டுல சொல்றேன்" என்றார்.

சில மாதம் கழித்து அந்தக் கையுறையில் ஓட்டை விழுந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. வலிக்காததால் விரலைத் தண்ணீரில் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி வலியில் துடித்திருக்கிறார். பக்கத்து மருத்துவமனையில் சாதாரணத் தீக்காயம் என்று மருந்து போட்டு அனுப்பினார்கள். கடைசியில் விரல் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தக்காரர் வேறொருவரை அனுப்பினார்.

ஜெல் இருந்த அலமாரி அந்தக் கொட்டகையிலிருந்து ஐம்பது அடி தூரம்கூட இல்லை. அவருக்கு அதைப்பற்றி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "நம்ம புள்ள" என்று என்னைச் சொன்ன மனிதரிடம், எனக்குத் தெரிந்த அந்த ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. உள்ளே போன பிறகு நானும் உள்ளே இருப்பவர்களைப் போலவே யோசிக்கப் பழகியிருந்தேன்.

திட்டத் தலைவரிடம் இதைக் கொண்டுபோனேன். "அவர் நம் புராஜெக்டில் வரமாட்டார்" என்றார். திட்டத்தின் நிதி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கருவி, வேதிப்பொருள், ஆய்வாளர் ஊதியம், பயணம் என்று தனித்தனித் தலைப்பு. அமிலத்துக்குத் தலைப்பு இருந்தது, அதைச் சுமந்தவருக்கு இல்லை. நிறுவனத்துக்குப் போகும் இதரச் செலவில் எங்கோ அவர் கரைந்திருந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம், அன்றைய சில கோடிகளெல்லாம் இன்று பல்லாயிரம் கோடிகளாகிவிட்டன. 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு செமிகண்டக்டர் திட்டத்துக்கு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒரு சிப் ஆலை கட்டினால் செலவில் பாதியை ஒன்றிய அரசே தரும். மாநில அரசு தருவது தனி. குஜராத்தின் சானந்தில் உள்ள மைக்ரான் ஆலையின் மதிப்பு 275 கோடி டாலர். அதில் நிறுவனம் போடுவது 82.5 கோடி டாலர் வரைதான். மீதி, ஒன்றிய அரசும் மாநில அரசும் தரும் பொதுப்பணம். தோலேராவில் டாடா நிறுவனம் தைவானின் பிஎஸ்எம்சியுடன் சேர்ந்து கட்டும் ஆலையின் மதிப்பு 91,000 கோடி ரூபாய். நம் தமிழ்நாடும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் 500 கோடியில் செமிகண்டக்டர் இயக்கம் 2030-ஐ அறிவித்தது.

இந்தத் தொழில் இங்கே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வரவேண்டும். 1984-லேயே மொஹாலியில் அரசு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1989-ல் தீ விபத்து நடந்தது. அதன்பின் உலகத்தின் வேகத்தை நம்மால் பிடிக்க முடியவில்லை. ஆனால் மொஹாலி அரசு நிறுவனம் என்பதால் அங்கே இடஒதுக்கீடு உண்டு. இன்று வரும் ஆலைகள் தனியாருடையவை. முதலீட்டில் பாதிக்கு மேல் பொதுப்பணம், வேலைவாய்ப்பில் மட்டும் 'தனியார் துறை, இடஒதுக்கீடு கிடையாது'. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். அந்தப் பொதுப்பணத்தில் நம் வரியும் இருக்கிறது. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி கட்டுகிறார்.

ஆராய்ச்சி நிதியிலும் இதே கதைதான். மத்திய அரசுப் பணியில் 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு என்பது விதி. ஆனால் ஆய்வகத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒன்றோ இரண்டோ பணியிடம் காட்டி, தனித்தனியாக நேர்காணல் வைத்தால் சுழற்சிப் பட்டியலில் நம் முறை எப்போது வரும்? ஒரு நிறுவனத்தின் எல்லாத் திட்டங்களையும் சேர்த்து எண்ணினால்தான் வரும்.

"சிப் தொழில்நுட்பத்தில் எதற்குச் சாதி?" என்று கேட்பவர்கள் உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1942-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு வைஸ்ராயிடம் கொடுத்த மனுவில், நம் மக்களுக்குக் கலையும் சட்டமும் மட்டும் போதாது, உயர் அறிவியலும் தொழில்நுட்பமும்தான் வழி. ஆனால் அந்தப் படிப்பின் செலவு அவர்களால் தாங்க முடியாதது. ஆகவே அரசு நிதி தரவேண்டும் என்று கேட்டார். அறிவியல் படிப்புக்கான நிதியை உரிமையாகக் கேட்ட மரபு நம்முடையது.

ஆலைக்குள் போனால் மட்டும் போதுமா என்பதையும் பேச வேண்டும். தென்கொரியாவில் சாம்சங்கின் கிஹூங் ஆலையில் வேஃபர்களை வேதிக்கரைசலில் முக்கி எடுத்த ஹ்வாங் யூ-மி, 2007-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 22. அவருடைய அப்பா ஒரு டாக்சி ஓட்டுநர். அவரும் மற்றத் தொழிலாளர் குடும்பங்களும் பதினோரு ஆண்டு போராடிய பிறகு, 2018-ல் நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அங்கே வர்க்கம் தீர்மானித்ததை இங்கே வர்க்கமும் சாதியும் சேர்ந்து தீர்மானிக்கும். மலக்குழிக்குள் யாரை இறக்குகிறார்கள் என்று தெரிந்த நமக்கு, அமிலக் கேனை யாரிடம் கொடுப்பார்கள் என்பது தெரியாதா?

எனவே மாணவத் தோழர்களிடம் நான் கேட்பது இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4, மானியத் திட்டங்களில் யாருக்கு எவ்வளவு போனது என்பதை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடாவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும். உங்கள் நிறுவனத்தில் செமிகண்டக்டர் நிதி எவ்வளவு வந்தது, அதில் நியமிக்கப்பட்டவர்களில் எஸ்சி, எஸ்டி எத்தனை பேர், கழிவு அகற்றும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தரப்பட்டதா என்று மூன்று கேள்வி போதும். வரும் பதிலைப் பொதுவில் வையுங்கள். நிதி பெறும் ஒவ்வொரு திட்டத்திலும் தொழிலாளர் பாதுகாப்புக்குத் தனித் தலைப்பு வேண்டும் என்றும், பாதிக்கு மேல் பொதுப்பணம் வாங்கும் ஆலையில் இடஒதுக்கீடு வேண்டும் என்றும் கேட்போம்.

அக்கா மகளே, உன் கேள்விக்கு வருகிறேன். ஐஐஎஸ்சியும் ஐஐடிகளும் தங்கள் நானோ ஆய்வகங்களை வெளிக் கல்லூரி மாணவர்களுக்குத் திறந்துவிடும் ஐஎன்யூபி என்ற திட்டத்தை அரசு நிதியில்தான் நடத்துகின்றன. அது உனக்கும் சேர்த்துக் கட்டப்பட்ட கதவு. அப்ளை பண்ணு. பயணச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே போனதும் முதல் நாள் பாதுகாப்பு வகுப்பை ஒரு வரி விடாமல் எழுதிக்கொள். சாயங்காலம் பின்பக்கம் போய், கேன் தூக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ அதைத் தமிழில் படித்துக் காட்டு. ஜெல் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடு.

நான் செய்யாமல் விட்டது அது.

ஜெய் பீம்.