கடைசி வரிசைப் பிடில்

சென்னை சாலிகிராமத்தில் ஒரு படத்திற்கு ரீ-ரிக்கார்டிங் நடக்கிறதென்றும், கீபோர்டோடு நில்லாமல் தந்தி வாத்தியக்காரர்களையும் வரவழைத்திருக்கிறார்களென்றும் கேள்வியுற்று, அத்தகைய காட்சி இந்நாளில் அரிதாகிவிட்டபடியால், இசையமைப்பாளரின் அனுமதி பெற்று ஒலிப்பதிவுக் கூடத்தின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டேன்.

இருவருக்கு ஒரு ஸ்டாண்டு. பக்கம் முடியுமிடத்தில் உள்பக்கம் அமர்ந்தவர் வில்லை நிறுத்தித் தாளைப் புரட்ட, வெளிப்பக்கத்தவர் ஒலி அறாமல் வாசித்துக்கொண்டே போகிறார். புரட்டும் ஓசை மைக்கில் விழலாகாது. பலரும் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தார்கள். அதில் காட்சியின் நேரத்துக்கு இசைந்த கிளிக் ஓட, மறு காது பக்கத்திலிருப்பவரின் ஸ்ருதியைப் பிடிப்பதற்காம். வில்லைக் கீழிழுப்பதா மேலிழுப்பதா என்று முதல் வரிசைத் தலைவர் பென்சிலால் இட்ட குறி, ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் சென்று அனைவர் தாளிலும் ஏறியது.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இதே இசையை முன்பே கணினியில் அமைத்து வைத்திருந்த இளைஞர், கட்டையில் விரல் விழும் வேகத்தை 127 படிகளாகப் பிரித்தறியும் தமது கீபோர்டை எனக்கு இயக்கிக் காட்டினார். அதில் எழும் பிடிலோசையும் ஆகாயத்திலிருந்து வந்ததன்று. எங்கோ ஒரு கூடத்தில் வித்வான்கள் ஒவ்வொரு ஸ்வரமாக மெல்லவும் அழுத்தியும், இழுத்தும் சுண்டியும் வாசித்துக் கொடுத்ததே ஸாம்பிளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. இழுப்பொலி தாமதித்து எழுவதால், தாளத்தில் சரியாக விழ அதைச் சற்று முன்னதாகவே தள்ளி வைக்கிறார். இடக்கையால் சக்கரத்தை உருட்டி ஒலியை ஏற்றியும் இறக்கியும் அதற்கு மூச்சு ஊட்டுகிறார். இதுவும் தொழிலே என்பதில் எனக்கு ஐயமில்லை.

யந்திரத்தை நிந்திப்போர் கட்சியில் நான் சேரமாட்டேன். 1982-இல் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' படத்தில் வாஞ்சலிஸ் யமஹா சிஎஸ்-80 சிந்தஸைசரில் எழுப்பிய நாதத்துக்குப் பிடில் பிரதியாகாது. நம்மிடையே 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்திற்கு இளையராஜா கணினியைக் கையாண்டார். 1992-இல் 'ரோஜா' வழியே ரஹ்மான், வீட்டோடு சேர்ந்த ஒலிக்கூடத்திலிருந்தே ஒரு புதிய ஓசையை நாடெங்கும் ஒலிக்கச் செய்தார். யந்திரம் தன் குரலில் பேசும்போது எனக்கு வழக்கில்லை. சிக்கனத்தின்பொருட்டுப் பிடிலின் குரலை அது இரவல் வாங்கும்போதுதான் ஒரு நஷ்டம் நேர்கிறது. அந்நஷ்டம் ஓசையில் இருப்பதைவிடக் கடைசி வரிசையில் அதிகம்.

முன்னாளில் புதியவரை அங்கேதான் உட்கார்த்துவார்கள். அவர் பிழைத்தால் பெரிய குழுவின் ஒலி அதை மூடிவிடும், பக்கத்திலிருக்கும் மூத்தவரின் விரலைப் பார்த்து மறுமுறை திருத்திக்கொள்வார். அன்று அவ்விடத்தில் இருந்த இளைஞர், தாம் பெரும்பாலும் வீட்டிலேயே வாசித்துப் பதிந்து அனுப்புவதாகவும், ஒரே பகுதியை எட்டு முறை அடுக்கினாலும் எட்டுப் பேரின் கனம் வாராதென்றும் சொன்னார். ஒரே கையின் அசைவு எட்டிலும் ஒன்றாகவே இருப்பதால், பிடிலை மாற்றியும் மைக்கை நகர்த்தியும் தம்மைப் பலராக்கிக் காட்டப் பிரயத்தனப்படுகிறாராம். பக்கத்து ஆசனத்துப் பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்த நாலாவது வரியில மூணாம் விரலை எடுக்காம வெச்சுக்க, அடுத்த டேக்ல சரியாப் போயிடும்" என்றார்.