தடா பக்கம் ஒரு மனசுப் பாடம்!

தடான்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அருவி! மெக்கானிக்கல் மாணவர்னா, கூடவே ஸ்ரீசிட்டி இண்டஸ்ட்ரியல் விசிட். அதே ரூட்ல மூணாவதா ஒரு இடமும் இருக்கு. ஒரு நாள் எட்டிப் பாருங்களேன்.

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்துல சூளூர்பேட்டை போற லோக்கல் ரயில் ஏறுங்க. அடிக்கடி கிடையாது, டைம் பார்த்துட்டுக் கிளம்புங்க. கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டினா ஆந்திரா. தடாவில் இறங்கி ஆட்டோ பிடிச்சா ஸ்ரீசிட்டி. பிக்கப் வண்டியில இருந்து சாக்லேட் வரைக்கும் தயாராகுற தொழிற்சாலை ஊர். அதுக்கு நடுவுலதான் க்ரியா பல்கலைக்கழகம். 2019-ல் முதல் இளநிலை பேட்ச் இங்கே சேர்ந்தது.

இங்கே சைக்காலஜி ஆசையோட வர்றவங்க, முதல் நாளே சைக்காலஜி மாணவர் ஆகிடறதில்லை. முதல் வருஷம் இலக்கியம், அறவியல், கணிதம், எழுத்துப் பயிற்சின்னு எல்லாருக்கும் பொதுப் பாடங்கள். மேஜர் அதுக்கப்புறம்தான். நமக்கு? கவுன்சலிங்ல ஒரே க்ளிக், நாலு வருஷமும் அதே டிபார்ட்மென்ட்!

எதுக்கு இத்தனை பாடம்னு கேட்கறீங்களா? ஒருத்தருக்கு ராத்திரி தூக்கம் வரலைன்னு வைங்க. காரணம் மூளையா, கடனா, காதலா, வீட்டுச் சண்டையா? நியூரானை மட்டும் படிச்சவருக்கு பாதிதான் புரியும். பொருளாதாரமும் சமூகவியலும் தெரிஞ்சவர் மீதியையும் விசாரிப்பார்.

அதுக்காக, 'ஆர்ட்ஸ்தானே, கணக்குத் தொல்லை இல்லை'ன்னு நினைச்சுடாதீங்க. நீல மையில 'சிவப்பு'ன்னு எழுதி, நண்பர்கிட்ட மையோட நிறத்தை மட்டும் டக்குனு சொல்லச் சொல்லுங்க. தடுமாறுவார்! 1935-ல் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இது. அந்தத் தாமதம் நிஜமா, தற்செயலான்னு சொல்ல புள்ளியியல் வேணும். 2015-ல், ஏற்கெனவே வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து முடிவை வெளியிட்டாங்க. சுமார் 36 சதவீதத்துலதான் புள்ளியியல்படி தேறுற முடிவு மறுபடி கிடைச்சுது. தன் பாடத்தையே சந்தேகப்படக் கத்துக்கறதும் இந்தப் படிப்புல ஒரு பாடம்தான்.

ரெண்டு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. டிகிரி வாங்கின கையோட வாசல்ல போர்டு மாட்டிட முடியாது. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக மேற்படிப்பு, பயிற்சி, முறையான பதிவு எல்லாம் கட்டாயம். அப்புறம், இது தனியார் பல்கலைக்கழகம். அரசுக் கல்லூரிக் கட்டணத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க. உதவித்தொகை பத்தித் தெளிவா கேட்டுடுங்க.

முன்கூட்டியே அனுமதி வாங்கிட்டுப் போறது நல்லது. வீட்டுல ப்ளஸ் டூ படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருந்தா கையோட கூட்டிட்டுப் போங்க. படிக்கிற பசங்க நாலு பேர்கிட்ட அவங்களையே பேச விடுங்க. சேர்றாங்களோ இல்லையோ, 'எனக்கு எது பிடிக்கும்?'னு யோசிச்சுட்டு அப்புறம் க்ளிக் பண்ணுவாங்க இல்லையா, அது போதும்!