தள்ளுபடியான கடன்

பேத்திக்கு அப்போது ஐந்து வயது. விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் காலையில் பால் டம்ளரைக் கைதவறித் தட்டிவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளே தன் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, "மடையா! உனக்கு ஒரு காரியமும் உருப்படியாச் செய்யத் தெரியாது" என்றாள்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏனென்றால் அது என்னுடைய வசனம். மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டால், குழாயை மூட மறந்தால், பஸ்ஸைத் தவறவிட்டால், வாய்விட்டு இப்படித்தான் என்னை நானே திட்டிக்கொள்வேன். பிறரைத் திட்டினால்தானே பாவம், என்னைத்தானே திட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். அதைத் தாழ்மை என்றுகூட எண்ணியிருந்தேன். ஒரு குழந்தை அதைக் கற்றுக்கொள்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

டம்ளரும் கண்ணாடியும் சின்ன விஷயங்கள். அவற்றுக்கு அடியில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. இதுவரை நான் எழுதாதது அது.

2003 மார்ச் கடைசி வாரம். நான் அப்போது திருவண்ணாமலைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். நாசரேத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "அம்மாவுக்கு ரொம்ப முடியலடா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றாள். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். "முப்பத்தொண்ணு ராத்திரியே பஸ் ஏறிடறேன் அக்கா. மறுநாள் எங்களுக்கு லீவுதான்" என்றேன். மேலாளரிடம் நான் விடுப்புக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் இல்லாவிட்டால் கணக்கு டாலி ஆகாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

31 சாயங்காலம், கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அம்மா போய்விட்டார்கள். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது பெட்டி தயாராக இருந்தது.

அன்றிலிருந்து "நீயெல்லாம் ஒரு மகனா?" என்ற குரல் எனக்குள் ஓய்ந்ததில்லை. நான் ஜெபிக்காதவன் அல்ல. தினமும் இரவு ஜெபித்தேன். ஆனால் அந்த ஜெபம் என்மேல் நானே எழுதிய குற்றப்பத்திரிகையாக இருந்தது. அதை வாசித்து முடித்ததும் ஆமென் சொல்லிப் படுத்துவிடுவேன். பதிலுக்குக் காத்திருந்ததே இல்லை.

பால் கொட்டிய அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனேன். எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். அது முடிந்ததும் ஐயர் எழுந்து மன்னிப்பின் வார்த்தைகளைக் கூறுவார். (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) நாற்பது வருடத்துக்கு மேலாக அறிக்கையை மனப்பாடமாகச் சொல்லிவந்தவன் நான். ஆனால் மன்னிப்புக் கூறும்போது என்ன செய்துகொண்டிருப்பேன்? முழங்காலைத் தேய்ப்பேன், அடுத்த பாட்டின் நம்பரைப் பார்ப்பேன். அந்த வார்த்தைகள் மற்றவர்களுக்கானவை என்பதுபோல! அன்றுதான் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு ஐயரிடம் அம்மா விஷயத்தைச் சொன்னேன். என் மகன் வயதுதான் அவருக்கு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், பேதுரு கதையில ரெண்டு இடத்துல கரிநெருப்பு வருதே, கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து யோவான் சுவிசேஷத்தை எடுத்துப் பார்த்தேன். 18ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பு. அங்கே குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கிறார். 21ஆம் அதிகாரத்தில் திபேரியாக் கடற்கரையில் மறுபடியும் கரிநெருப்பு. அதன்மேல் மீன், கூடவே அப்பம். உயிர்த்தெழுந்த இயேசு அங்கே அவருக்குச் சாப்பாடு போடுகிறார். அந்த இரவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்னிடம் அன்பு இருக்கிறதா என்று மட்டும் மூன்று முறை கேட்கிறார். பிறகு ஆடுகளை மேய்க்கும் வேலையைக் கொடுக்கிறார். மன்னித்தது மட்டுமல்ல, நம்பி ஒரு பொறுப்பையும் ஒப்படைக்கிறார்.

அன்று மத்தியானம் படுத்திருந்தபோது ஒரு பழைய ஞாபகம் வந்தது. 2008இல் மத்திய அரசு விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்தது. இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ள விவசாயிகளுக்குத் தகுதியான நிலுவை முழுவதும் தள்ளுபடி. நான் அப்போது சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமக் கிளையில் அதிகாரி. தள்ளுபடியானவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தோம். ஒரு பெரியவர் மட்டும் சான்றிதழை வாங்கிக்கொண்டு போன பிறகும் மாதாமாதம் வருவார். "சார், நெசமாவே முடிஞ்சு போச்சா? பொறவு நோட்டீசு வராதுல்லா?" என்பார். ஒரு தடவை கொஞ்சம் பணத்தை மடியில் முடிந்துகொண்டு வந்து, "இதையாவது கட்டிக்கிடுங்க" என்றார். "ஐயா, உங்க பேர்ல கணக்கே இல்லையே, நான் எதுல வரவு வைக்க?" என்று சிரித்தேன்.

அவரைப் பார்த்துச் சிரித்தவன், அதையே பதினைந்து வருடத்துக்கு மேல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். தீர்ந்த கடனுக்குத் தினம் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அடக்கத்தன்று அக்கா ஒன்று சொன்னாள். நான் வரவில்லையே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு அம்மா, "அவனுக்கு மார்ச் கடைசியில்லா, வேலை இருக்கும்" என்று சொன்னார்களாம். சான்றிதழ் அன்றே என் கைக்கு வந்துவிட்டது. நான்தான் படித்துப் பார்க்கவில்லை.

இப்போது என் இரவு ஜெபம் கொஞ்சம் மாறியிருக்கிறது. செய்த தவற்றை அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிடுகிறேன். "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று மொத்தமாகச் சொல்வதில்லை. மன்னிப்புக் கேட்ட பிறகு உடனே எழுந்துவிடாமல் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நன்றி சொல்லிவிட்டுத்தான் ஆமென். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் மறுநாள் காலையில் முதல் போன் அவர்களுக்கு.

இதில் ஒன்றைப் புரிந்துகொண்டேன். மனசாட்சி பேசினால், என்ன தவறு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். மற்றக் குரல் வெறுமனே திட்டும், வழி சொல்லாது. நம் மனமே நம்மைக் குற்றவாளி என்றாலும் கடவுள் அந்த மனதைவிடப் பெரியவர் என்பதை யோவானின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் காணலாம். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான்.

அந்தக் குரல் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் வரும். வரும்போது வாதாடுவதில்லை. "கணக்கு முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு அக்காவுக்குப் போன் போடுகிறேன். அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

போன விடுமுறையில் காப்பியைக் கொட்டிவிட்டேன். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு துணியைத் தேடினேன். பேத்தி எடுத்துக்கொண்டு வந்து, "பரவால்ல தாத்தா, துடைச்சிடலாம்" என்றாள்.