முழங்காலளவுத் தண்ணீர்

கேனன் ஷுர் ஷாட் ஏ1. 1994இல் வந்த பிலிம் கேமரா. 5 மீட்டர் ஆழம்வரை தண்ணீருக்குள் கொண்டுபோகலாம் என்று விற்றார்கள். சென்னையில் இதை வைத்துக்கொண்டு எந்தத் தண்ணீரில் இறங்குவது? கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தில் விடமாட்டார்கள். மெரினாவில் அலை புரட்டிப் போட்டுவிடும். தப்பித்தாலும் மணல் கலங்கிய அந்தத் தண்ணீரில் நீட்டிய கை நமக்கே தெரியாது. ஆனாலும் ஐப்பசி அடைமழையில் இந்த ஊரைச் சுற்ற இதைவிட நல்ல துணை இல்லை.

வடக்கு மாட வீதியில் நடக்கத் தொடங்கியபோது மழை வலுத்துவிட்டது. பூக்காரம்மாக்கள் கூடைமேல் பாலிதீன் ஷீட்டை இழுத்து மூடிக்கொண்டு, அதற்குள்ளிருந்தே முழம் போட்டார்கள். போன் வைத்திருந்தவர்கள் அதைப் பையில் போட்டு ஒதுங்கினார்கள். நான் நனைந்தபடியே படம் எடுத்தேன். முக்குளிக்கும்போது போடும் கண்ணாடியோடு பார்ப்பதற்காக இதன் வியூஃபைண்டரைப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக்காரனான எனக்கு அது கொடுப்பினை. லென்ஸுக்கு முன்னாலுள்ள கண்ணாடியில் துளி நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். துளி நின்றால் படத்தில் அந்த இடம் கரைந்துபோகும்.

லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு. சேறு கணுக்காலுக்கு மேலே வந்தது. தண்ணீருக்குள் போகும் கேமரா என்றாலே கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ நினைவுக்கு வருவார். அவருக்காக உருவான கலிப்ஸோ கேமராவைத்தான் 1963இல் நிகான் வாங்கி நிகோனாஸ் என்ற பெயரில் விற்றது. எனக்கென்னவோ, 1988இல் கோனிகா கட்டட வேலையிடங்களுக்கென்றே ஒரு கேமரா செய்ததே, அந்த யோசனைதான் பெரிது. தூசி, சாரல், சேற்றுக் கை, கீழே போடுகிற அவசரம்: அதற்கெல்லாம் ஈடுகொடுக்கிற பெட்டி. லஸ் முனைக்குப் பவளப்பாறையைவிட அதுதான் பொருத்தம்.

தி.நகர் வேறு பாடம் எடுத்தது. ரங்கநாதன் தெருவில் கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும், நடக்கவே வேண்டாம். ஒரு ஜவுளிக்கடையின் ஏசியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தால் கேமராவின் முன்கண்ணாடி பால்போல வெளுத்துவிட்டது. குளிர்ந்த கண்ணாடியில் தெருவின் ஈரக்காற்று பட்டால் அப்படித்தான். வெளியே படிந்ததைத் துடைத்துவிடலாம். பிலிம் மாற்றும்போது ஈரக்காற்றையும் உள்ளே வைத்து மூடிவிட்டால், கேமரா குளிரும் நேரம் பார்த்து அது உட்புறம் படியும். அதைத் துடைக்க வழியில்லை. அதனால் பிலிமை ஏசி அறையில் மாற்றுவதே உத்தமம்.

இந்த ஊரில் லென்ஸுக்கு எமன் பூஞ்சைதான். ஈரத்தை வெளியே நிறுத்துகிற பின்கதவு ரப்பர் வளையமோ முப்பது வயது தாண்டியது. குக்கர் கேஸ்கெட் மாதிரிதான்: காய்ந்து வெடித்தால் வேலை முடிந்தது. ஒரு தலைமுடி, ஒரு மணல் பொடி நடுவில் சிக்கினாலும் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். மூடுமுன் விரலால் தடவிப் பார்த்து, சிலிகான் கிரீஸை மெல்லிசாகப் பூச வேண்டும். பழைய கேமரா வாங்குபவர்கள் பிலிம் போடாமல் பக்கெட் தண்ணீரில் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது நல்லது. 5 மீட்டர் என்று போட்டிருப்பது புதிதாக இருந்தபோது. இப்போது நான் அதை முழங்காலுக்கு மேல் நம்புவதில்லை.

மழை விட்டதும் பஸ் பிடித்து பெசன்ட் நகர். எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம் நனைந்து கறுத்திருந்தது. 1930 டிசம்பரில் மூழ்குபவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க்காரர். இந்தக் கடலில் முக்குளிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் அங்கே போய் நிற்கலாம். வடக்கே நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். அதையும் தாண்டி அடையாறு முகத்துவாரத்தில், 1977இல் இடிந்த ‘உடைந்த பாலம்’.

குப்பத்தை ஒட்டிய கரையில் முழங்காலளவு நுரையில் இறங்கி, கேமராவை அலை மட்டத்தில் பிடித்து ஃபைபர் படகுகளை எடுத்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் குரல் கொடுத்தார்.

“இன்னா சார், கேமராவ கொண்டாந்து தண்ணில வுட்ற?”

“வாட்டர்ப்ரூஃப்ண்ணே.”

“அப்டியா? எட்த்தத காட்டு.”

“இது ரீல் கேமராண்ணே. கழுவினாத்தான் தெரியும். பிரிண்ட் போட்டுக் கொண்டாந்து தரேன்.”

“பிரிண்ட்லாம் யார் சார் வெச்சுக்கறா? வாட்ஸப்ல அனுப்பிடு” என்று நம்பரைச் சொன்னார்.