மீதி ரூ. 186.50

ஆவடி
18 ஜனவரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் அத்தையும் சுகம். உன் அம்மா பொங்கலுக்கு இங்கே வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். முழங்கால் வலி இப்போது தேவலாம். போனில் பேச உட்கார்ந்தால் எனக்கு ரயில் சத்தம், உனக்கு வேலை அவசரம். அதனால்தான் கடுதாசி.

பிரான்ஸிலிருந்து நீ அனுப்பிய போட்டோவை எல்லோரும் பார்த்தோம். மஞ்சளும் நீலமுமாக ஒரு மஃப்ளர், உனக்குப் பின்னால் அதே கலரில் ஜனக்கூட்டம். "எந்தக் கோயில் திருவிழாடா?" என்றாள் உன் அம்மா. ரக்பி என்று சொல்லி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் முன்னால் இருக்கிறவனுக்கு வீசக் கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன். "அப்புறம் எப்படி ஊர் போய்ச் சேர்வார்கள்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கிளப்பைப் பற்றிப் படித்தேன். பாதி உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் முப்பத்தாறு வருஷம் டேங்க் ஃபாக்டரியில் லேத் ஓட்டியவனுக்கு அதில் வேறு சில விஷயம் கண்ணில் படுகிறது. மார்செல் மிஷ்லன் 1911-ல் ஆரம்பித்த கிளப் அது. டயர் ஃபாக்டரி ஆட்களுக்கான விளையாட்டுச் சங்கம், பெயரே ஏ.எஸ். மிஷ்லன். விளையாட்டுக் கிளப்புக்குக் கம்பெனி பெயர் கூடாது என்று ஆனதும், 1922-ல் மோன்ஃபெராண்ட் என்ற ஊர்ப் பேரை வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனத்தைப் பார், மிஷ்லன் போனாலும் 'எம்' போகவில்லை. அன்றும் ஏ.எஸ்.எம்., இன்றும் ஏ.எஸ்.எம்.

ஆரம்பித்தவர் ஜெர்மன்காரன் ஆக்கிரமிப்பை எதிர்த்து வேலை செய்து பிடிபட்டு, 1945-ல் புகன்வால்ட் முகாமில் இறந்தார். நீ போட்டோ எடுத்துக்கொண்ட ஸ்டேடியத்துக்கு அவர் பெயர்தான். 1936-லிருந்து 2009 வரை பத்து முறை பிரெஞ்சு சாம்பியன்ஷிப் ஃபைனலுக்குப் போய்ப் பத்து முறையும் தோற்றிருக்கிறார்கள். அதிலும் 2007, 2008, 2009 மூன்று வருஷம் வரிசையாக. 2010-ல்தான் பெர்ப்பிஞான் அணியை 19-6 என்று ஜெயித்தார்கள். எழுபத்து நாலு வருஷம்! அப்பன் தோற்றதைப் பார்த்த மகன், மகன் தோற்றதைப் பார்த்த பேரன். நம் ஊராக இருந்தால் மூன்றாவது ஃபைனலிலேயே பரிகாரம் செய்ய ஆள் தேடியிருப்போம்.

அவ்வளவு தோற்றும் கிளப் சாகவில்லை. காரணம், பக்கத்தில் ஃபாக்டரி இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்குப் போக ஒரு கிரவுண்ட் இருந்தது. ஆள் மாறினாலும் சங்கு ஊதுவது நிற்கவில்லை. நீ முதலில் வேலைக்குச் சேர்ந்த தேர்வாய் கண்டிகை ஃபாக்டரியும் அதே கம்பெனிதானே, அங்கே ரக்பி கிரவுண்ட் போட்டால் சொல்லி அனுப்பு.

இப்போது நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் ஒரு ரக்பி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் இருபது பேர், எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் இருபது பேர். ருசி கண்டுவிட்டதால் அடுத்த மாதமே, 1873 ஜனவரியில், கல்கத்தா ஃபுட்பால் கிளப் என்று ஆரம்பித்துவிட்டார்கள். முதல் வருஷத்திலேயே 137 உறுப்பினர்கள்.

நாலே வருஷத்தில் காற்று இறங்கிவிட்டது. அந்த ஊர் வெயிலில் இருபது பேர் கட்டிப் புரளுவது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். ஆட்டக்காரர்கள் நிறைய பேர் இருந்த பட்டாளம் வேறு ஊருக்கு மாறிப் போனது. மிச்சம் இருந்தவர்கள் டென்னிஸ், போலோ என்று நகர்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கிளப்பில் இனாமாக ஊற்றிக் கொடுத்த சரக்கை நிறுத்திவிட்டார்கள். அதோடு கூட்டம் கலைந்தது.

பேங்கில் கொஞ்சம் பணம் மிச்சம். ராத்னி என்று ஒருவர். கேப்டன், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரே. அதிலிருந்தே தெரிகிறது, கிளப்பில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று. கிளப் போனாலும் பெயர் போகக் கூடாது என்று, 270 வெள்ளி ரூபாயை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். அந்தக் காலத்து ரூபாய் ஒன்று ஒரு தோலா எடை. 270 தோலா என்றால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஒன்றரை அடி உயரம், மூன்று கைப்பிடி, மூன்றும் ராஜநாகம். மூடியின் மேல் ஒரு யானை. உள்ளூர்த் தட்டான் வேலை. பாம்பு உடம்பை வளைத்துக் கோப்பையில் சேர்த்திருக்கும் இடத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். கை சுத்தமான வேலை, மாப்பிள்ளை.

1877 டிசம்பரில் அதை இங்கிலாந்தின் ரக்பி யூனியனுக்குக் கொடுப்பதாக ராத்னி கடிதம் எழுதினார். கிளப்புகள் வருஷா வருஷம் மோதிக்கொள்ளும் கோப்பையாக இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். யூனியன் வாங்கிக்கொண்டது, ஆனால் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடும் ஆட்டத்துக்கு வைத்துவிட்டது. 1879-ல் எடின்பரோவில் முதல் ஆட்டம். டிரா. இன்று வரை அந்தக் கோப்பைக்குக் கல்கத்தா கப் என்றுதான் பெயர். 1988-ல் ஆட்டம் முடிந்த ராத்திரி, இரண்டு அணியிலும் ஆளுக்கு ஒருவர் போதையில் அந்தக் கோப்பையையே எடின்பரோ தெருவில் பந்தாக உதைத்து நசுக்கினார்களாம். தட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். அஞ்சு வருஷம்கூட ஒழுங்காக ஓடாத கிளப்பின் பெயரை நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்த அன்று பரண் மேல் ஏறினேன். "இந்த வயசில் ஏணியா?" என்று அத்தை கத்தினாள். தேடியது ஒரு கணக்கு நோட்டு.

உனக்குச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது. 1979-ல் குவார்ட்டர்ஸ் பையன்கள் சேர்ந்து ஒரு ஃபுட்பால் கிளப் வைத்திருந்தோம். மாதம் அஞ்சு ரூபாய் சந்தா. நான்தான் பொருளாளர், கடைசி இரண்டு வருஷம் செயலாளரும். ஆட்டம் முடிந்தால் ஆளுக்கு ஒரு டீ, இரண்டு போண்டா கிளப் செலவு. கட்டுப்படியாகாமல் போண்டாவை நிறுத்தினேன். அடுத்த மாதம் பிராக்டீஸுக்கு ஒன்பது பேர். அப்புறம் ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவன் துபாய்க்கு, ஒருவனுக்கு நைட் ஷிஃப்ட். ராத்னியின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. சரக்கோ போண்டாவோ, நிறுத்தியவன் தலையில்தான் பழி.

நோட்டு கிடைத்தது. கடைசிப் பக்கம், 1987, என் கையெழுத்து. கையிருப்பு 186.50. அதற்குக் கீழே: பிரியாணி 11, ரூ. 165.00. சோடா, பீடா, ரூ. 21.50. மீதி இல்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து கிளப்பைச் சாப்பிட்டு முடித்தோம். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் கிளப்பின் பெயர் இன்றைக்கு என்னையும் இன்னும் மூன்று பேரையும் தவிர யாருக்கும் தெரியாது. அந்த மூன்று பேரில் ஒருவனுக்கு இப்போது எதுவுமே ஞாபகம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் ஆடும் பையன்கள் நோட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். கோல் போஸ்டுக்கு வலை வாங்க வசூல். டீம் பெயர் என்ன என்றேன், இன்னும் வைக்கவில்லை என்றார்கள். வலைக்கு ஆகும் மூவாயிரத்தையும் நானே தருகிறேன், ஒரு பெயர் இருக்கிறது, வைத்துக்கொள்கிறீர்களா என்று பெயரைச் சொன்னேன். ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டார்கள். "கொஞ்சம் பழசா இருக்கு தாத்தா, யோசிச்சுச் சொல்றோம்" என்றான் பெரியவன்.

பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொள். அடுத்த ஆட்டம் எப்போது, தோற்றார்களா ஜெயித்தார்களா, எழுது.

அன்புடன்,
மாமா