பிறந்தகம் வரும் செட்னா

புக்ககம் போன பெண் ஆடிக்கு வரவில்லையென்றால் நமக்கு மனசு கேட்கிறதா, சகோதரிகளே? சூரியன் வீட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பிறந்தகத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துப் போனால், மறுபடி வர அவளுக்குச் சுமார் 11,000 வருஷம் ஆகிறது!

செட்னா என்பது அவள் பெயர். நெப்டியூனுக்கும் வெகு அப்பால் குளிரில் உறைந்து கிடக்கும் சின்னஞ்சிறு உலகம். குறுக்களவு சுமார் 1,000 கிலோமீட்டர். நிறமோ நல்ல சிவப்பு. 2003 நவம்பரில் கலிபோர்னியாவின் பாலோமர் மலையிலிருந்து மைக் பிரௌன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்களின் கடல் தேவதை பெயரைச் சூட்டினார்கள். பெற்ற தகப்பனே படகிலிருந்து தள்ளிவிட்ட பெண்ணாம் அவள்! படித்ததும் என் நெஞ்சு கனத்துப் போயிற்று.

2076-ஆம் வருஷ வாக்கில் செட்னா சூரியனை நெருங்குகிறாள். நெருக்கம் என்றால், நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் 76 மடங்கு! போன தடவை அவள் வந்தபோது பூமியில் பனியுகம் முடிந்திருந்த சமயம்.

அடுத்த வரவுக்கு நான் இருக்க மாட்டேன். என் நாலு வயதுப் பேத்தி இருப்பாள், ஐம்பதைத் தாண்டியவளாக. வெறுங்கண்ணுக்குச் செட்னா தெரியமாட்டாள், அதனால் என்ன? குழந்தைகளிடம் இப்போதே சொல்லி வைப்போம். இத்தனை தூரம் வருகிறவளுக்காக வாசலில் யாராவது நிற்க வேண்டாமா?