புறக்கோட்டையில் ஒரு நாள்



உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். பிள்ளைகள் வந்து, "வாப்பா, எங்கயாவது ஒரு பயணம் போவமே" என்று கேட்பார்கள். வாப்பா "பார்ப்போம்" என்பார். எங்கள் வீட்டில் "பார்ப்போம்" என்றால் "இல்லை" என்றுதான் அர்த்தம் என்பதைப் பிள்ளைகள் வெகு காலத்துக்கு முன்பே விளங்கிக்கொண்டு விட்டார்கள்.

வெலிகமைப் பக்கத்தில் ஒரு மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவன் நான். விடுமுறை வந்தாலும் நிக்காஹ், ஜனாஸா, பயான் என்று நாட்கள் போய்விடும். 2020 இல் கொரோனா வந்தது. 2022 இல் பெற்றோல் வரிசையும் விலைவாசியும் வந்தன. தட்டிக் கழிக்கக் காரணங்களுக்குக் குறைவிருக்கவில்லை. இளைய மகள் ஆறு வயதாகியும் கொழும்பைக் கண்டதில்லை.

2024 ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மனைவி குசினி அலுமாரியிலிருந்து ஒரு பழைய மா டின்னை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இதில ஒம்பதாயிரம் ஈக்கிது. பெட்ஷீட்டெல்லாம் கிழிஞ்சி பெய்த்து. புறக்கோட்டைக்குப் போனா மலிவா எடுக்கலாம். புள்ளகளுக்கும் ஒரு பயணம் போன மாதிரி ஈக்கும்."

இதற்கு மேல் "பார்ப்போம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உம்மாவையும் அழைத்தோம். எங்கள் வீட்டுப் பூனை மூன்று நாட்களுக்கு முன்புதான் உம்மாவின் கட்டிலுக்கு அடியில் நான்கு குட்டிகள் போட்டிருந்தது. "குட்டிகள விட்டுட்டு எனக்கு வர ஏலா மகன். நீங்க பெய்த்து வாங்க" என்று உம்மா சொல்லிவிட்டார். பூனை ஒரு சாட்டுத்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2004 க்குப் பின் உம்மா கோச்சியில் ஏறியதே இல்லை.

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். சோற்றுப் பார்சல் ஐந்து, தண்ணீர்ப் போத்தல் இரண்டு, வெறும் பை மூன்று. மாத்தறையிலிருந்து வந்த கோச்சியில் இளையவள் ஓடிப்போய்க் கடல் பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். மகனுக்கு மற்றப் பக்கம்தான் கிடைத்தது. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான்.

இந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும், காலி ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடும். அங்கே வந்த கோச்சி வந்த பக்கமாகவே திரும்பிப் புறப்பட்டுத்தான் கொழும்புப் பாதையைப் பிடிக்க வேண்டும். முன்பக்கம் பின்பக்கமாகும். அதுவரை கடலைக் கண்டவர்களுக்குக் காணியும் தோட்டமும், தோட்டத்தைக் கண்டவர்களுக்குக் கடல். மகன் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆசனத்தில் இருந்த சிங்களப் பெண்மணியும் சிரித்துவிட்டார். அழத் தொடங்கிய இளையவளைத் தன் மடியில் ஏற்றி ஜன்னலைக் காட்டியவன் அவனேதான். வீட்டில் இருவரும் ஒரு பென்சிலுக்குச் சண்டை பிடிப்பவர்கள்.

ஹிக்கடுவையைத் தாண்டிப் பெரலியவுக்கு வந்தபோது மனைவி பேச்சை நிறுத்திவிட்டார். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி கோச்சியைக் கவிழ்த்தது இங்கேதான். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அந்தக் கோச்சியிலேயே உயிரிழந்தார்கள். அன்று போயா தினம். விடுமுறையில் சொந்தக்காரரைப் பார்க்கவும் ஊர் பார்க்கவும் புறப்பட்டவர்கள் அவர்களில் எத்தனை பேர்! அவர்களும் எங்களைப் போல் சோற்றுப் பார்சலும் பிள்ளைகளுமாகத்தானே ஏறியிருப்பார்கள். கடல் அன்று காலை எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதை உம்மா இன்றும் சொல்வார். நான் மனதுக்குள் துஆ ஓதினேன். வீட்டாரோடு சேர்ந்து சும்மா ஒரு நாளைக் கழிப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்பதும், அதை நான் எத்தனை வருடம் "பார்ப்போம், பார்ப்போம்" என்று ஒத்திவைத்தேன் என்பதும் அந்த இடத்தில்தான் என் மனதில் தைத்தது.

கோட்டை ஸ்டேஷனில் இறங்கி ஒல்கொட் மாவத்தையைக் கடந்தால் புறக்கோட்டை. கோட்டைக்குப் புறத்தே இருந்த ஊர் என்பதால் அந்தப் பெயர். சிங்களத்தில் சொல்லும் பிட்டகொட்டுவ என்பதற்கும் அதே பொருள்தான். கோட்டைச் சுவர்கள் போய் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டாலும் பெயர் மட்டும் நிலைத்து நிற்கிறது. முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான்கள், இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருக்களில் புடவை, செட்டியார் தெருவில் தங்கம், காபோஸ் ஒழுங்கையில் நாட்டு மருந்துச் சரக்கு. தலையிலும் தள்ளுவண்டியிலும் பொதி ஏற்றிய நாட்டாமிமார் இரண்டு மொழியிலும் வழி கேட்டபடி நம்மை இடித்துக்கொண்டு போவார்கள். பிள்ளைகளின் கையை ஒரு நிமிடம் விட முடியாது.

சகோதரிகளே, இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் விலை பேசமாட்டேன். வியாபாரி சொன்னதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். வாங்கும்போதும் விற்கும்போதும் தாராளமாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருளை நபி (ஸல்) அவர்கள் வேண்டியிருக்கிறார்கள் என்று மாணவர்களுக்கு ஓதிக் கொடுப்பவன் அல்லவா! மனைவி பேரம் பேசத் தொடங்கினால், 'மௌலவியின் வீட்டார் ஐம்பது ரூபாவுக்கு நின்று பேசுகிறார்கள்' என்று யாராவது நினைப்பார்களோ என்று நான் பத்தடி தள்ளிப் போய் நிற்பேன். பதினேழு வருடமாக அப்படித்தான்.

அன்றும் தள்ளிப் போய் நின்ற இடத்தில் ஒரு குடையைக் கண்டேன். 1,500 ரூபா என்றான். கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். பத்துக் கடை தாண்டி அதே குடை, அதே நிறம். அங்கேயும் முதலில் 1,500 தான் சொன்னார்கள். மனைவி அதை 950 க்கு வாங்கிவிட்டார். மூத்த மகள் இரண்டு குடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் தள்ளி நிற்காமல் கூடவே நின்று பார்த்தேன். அது ஒரு தனிக் கலை. தனக்கு வேண்டிய பெட்ஷீட்டை அவர் தொடுவதே இல்லை. முதலில் வேறொன்றை விரிக்கச் சொல்வார். ஓரத் தையலைப் பார்ப்பார். துணியை வெளிச்சத்தில் பிடித்து இழை நெருக்கத்தைப் பார்ப்பார். பிறகுதான், "அந்தா அது எத்தனை?" என்று ஒன்றும் அறியாதவர் போலக் கேட்பார். ஒன்று 2,200 என்றார் முதலாளி. "நாலு எடுக்கிறேன், 1,600 போட்டுத் தாங்க" என்று சொல்லிவிட்டு, மேலே ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். அந்த மௌனத்தை எந்த வியாபாரியாலும் தாங்க முடியாது போலும். கடைசியில் நான்கும் 6,800 க்கு முடிந்தது. இரண்டாயிரம் மிச்சம். பொய்ச் சத்தியமில்லை, கோபமில்லை, சாமானைக் குறை சொல்வதுமில்லை. முதலாளியும் சிரித்த முகத்தோடுதான் பொதி கட்டினார்.

அந்த நேரம் பாங்கு கேட்டது. இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும், சிவப்புப் பள்ளி என்றும் சொல்வார்கள். 1908 இல் கட்டத் தொடங்கி 1909 இல் முடித்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சுவரும், மாதுளம் பழம் போன்ற குப்பாக்களும் சந்து பொந்துகளுக்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கும். நானும் மகனும் அங்கே போனோம். பெண்களுக்கு எங்கே தொழ இடம் தேடுவது என்று யோசிக்க முன்பே, நான்கு பெட்ஷீட்டுக்குப் பேரம் பேசிய அதே முதலாளி, "எங்கட வீட்டுப் பொம்புளையள் வந்தா தொழுற இடம் ஒண்டு பின்னால ஈக்கிது" என்று கடையின் பின்னறையைத் திறந்து விட்டார்.

திரும்பி வந்தபோது பின்னறையில் ஒரு வழக்கு. முஸல்லாவின் நடுவில் கடைப் பூனை ஒன்று சுருண்டு படுத்துத் தூங்குகிறது. துணிப் பொதியை எலி வெட்டாமல் இருப்பது அதனால்தான் என்று முதலாளி சொன்னார். "வாப்பா, பூனை படுத்த முஸல்லாவில தொழலாமா?" என்று இளையவள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அபூகதாதா (ரழி) அவர்கள் வுளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரில் ஒரு பூனை வாய் வைக்க வந்தது. அவர்கள் அது குடிக்க இலகுவாகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியப்போடு பார்க்க, பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றித் திரியும் வீட்டுப் பிராணி என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார்கள். நபியவர்கள் பூனையை எழுப்ப மனமில்லாமல் சட்டைக் கையை வெட்டினார்கள் என்று ஒரு கதை நம் வீடுகளில் சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரமான அறிவிப்பு இல்லை. அபூகதாதாவின் சாய்த்த பாத்திரமே நமக்குப் போதும். மனைவியும் மூத்தவளும் பூனையை எழுப்பாமல் பக்கத்தில் துணி விரித்துத் தொழுதிருந்தார்கள்.

மெயின் வீதிக்கு வந்தபோது, வெயிலில் ஒரு முதிய சிங்களத் தாய் லேஞ்சி விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று 80 ரூபா. பேரம் தொடங்கப் போகிறது என்று நான் காத்திருந்தேன். மனைவி பத்து லேஞ்சி எடுத்தார், ஆயிரம் ரூபாத் தாளைக் கொடுத்தார், மிச்சத்தை வாங்காமல் நடந்தார்.

"ஏன் இங்க பேசல்ல?" என்று கேட்டேன்.

"கடைக்காரர் முதல்ல சொல்ற விலையிலயே நாங்க பேசுவோம் எண்டு வெச்சித்தான் சொல்றாங்க. இந்த மனிசிட கையில பேசுறதுக்கு என்ன ஈக்கிது?"

எனக்கு ஜாபிர் (ரழி) அவர்களின் ஒட்டகம் நினைவுக்கு வந்தது. ஒரு பயணத்தில் வந்துகொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அந்த ஒட்டகத்தை விலைக்குக் கேட்டு, பேசி, ஒரு ஊக்கியாவுக்கு முடித்தார்கள். மதீனா வந்ததும் பேசிய விலையைக் கூடுதலாகவே நிறுத்துக் கொடுக்கச் செய்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பேரம் பேசுவதும் உண்டு, அள்ளிக் கொடுப்பதும் உண்டு. எங்கே எது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த ஹதீஸை எத்தனையோ வருடமாக ஓதிக் கொடுத்த எனக்கு, அதன் பாடத்தை நடைபாதையில் வைத்துச் சொல்லித் தந்தவர் என் மனைவி.

உம்மாவுக்கு ஒரு பாக்குவெட்டி வாங்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் பார்த்திருக்க, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசினேன். மௌனமாக நிற்கப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பது ரூபா குறைத்தார்கள். வீட்டார் நான்கு பேரும் நான் ஒரு காணியே வாங்கியது போல மகிழ்ந்தார்கள்.

பிறகு பஸ் ஏறிக் காலிமுகத்திடலுக்குப் போனோம். ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் காலத்தில், 1859 இல் அந்த நடைபாதை கட்டி முடிக்கப்பட்டது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணி வாருங்கள் என்று தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டு அங்கே ஒரு கல்லும் நாட்டினார். வெள்ளைக்கார ஆளுநருக்குத் தோன்றியது, வீட்டில் நான்கு சுவருக்குள் இருப்பவர்களுக்குக் காற்று வேண்டும் என்பது, வீட்டுத் தலைவனான எனக்குத் தோன்றவில்லையே!

டின்னில் மிச்சம் 1,250 ரூபாதான். அதில்தான் இறால் வடையும் ஐஸ்கிரீமும். மகன் பட்டத்தின் பின்னால் ஓடினான். கடலைப் பார்த்தபடி மனைவி மெதுவாகச் சொன்னார்:

"நீங்க விலை பேசாமக் குடுத்திட்டு வாற சல்லிய, நான் எங்கயாவது பேசி எடுக்கத்தானே வேணும்."

குற்றம் சாட்டும் குரலில்லை. கணக்குச் சொல்லும் குரல். ஒரு மத்ரஸா உஸ்தாதின் சம்பளத்தில் ஐந்து பேருக்கு உடுப்பு, உம்மாவுக்கு மருந்து, பிள்ளைகளுக்குக் கொப்பி எல்லாம் எப்படி நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் தாராளத்தின் விலையைப் பதினேழு வருடமாக அவர் கடை கடையாக நின்று, ஐம்பது ரூபா ஐம்பது ரூபாவாகச் செலுத்தியிருக்கிறார். நானோ வெட்கப்பட்டுப் பத்தடி தள்ளி நின்றிருக்கிறேன். "மன்னிச்சிக்கங்க" என்றேன். "என்னத்துக்கு? ஐஸ்கிரீம் உருகுது, சாப்பிடுங்க" என்றார்.

வீடு வந்து சேர இரவு வெகு நேரமாகிவிட்டது. உம்மா தூங்காமல் தஸ்பீஹ் மணியோடு வாசலில் இருந்தார். பக்கத்தில் தாய்ப் பூனை. ஒவ்வொருவராக எண்ணுவது போல எங்களைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பாக்குவெட்டியை விரித்துப் பார்த்து, விலை கேட்டார். சொன்னோம். "இன்னும் குறைச்சிருக்கலாமே!" என்றார். இளையவள் காலியில் கோச்சி திரும்பிய கதையைச் சொல்லச் சொல்ல, உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். படுக்கப் போகும்போது, "குட்டிகள் வளரட்டும். அடுத்த முறை நானும் வாறேன். ஆனா பஸ்ஸில" என்றார்.

சகோதரிகளே, கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்து ஊர்ப் பொலையோ, கடற்கரையோ, ஆற்றங்கரையோ போதும். உங்கள் கணவர் "பார்ப்போம்" என்று சொல்பவராக இருந்தால், மா டின்னை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். இந்தப் பக்கத்தையும் அதன் மேல் வையுங்கள். சந்தைக்குப் போனால் தள்ளி நிற்க விடாமல் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கையால் வீடு எப்படி நடக்கிறது என்பதை அவர் ஒரு தடவையாவது கண்ணால் காணட்டும்.

அல்லாஹ் நம் வீடுகளில் அன்பையும் பரக்கத்தையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.